படத்தில் இருந்த எண்ணெய் டின்

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அதன் ஓரம் ஒரு மனிதனின் புருவ எலும்பில் இறங்கியது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. போனில் ஒரு கீறல்கூட இல்லை. வேட்டி முனையால் துடைத்ததும் டப்பாவிலிருந்து எடுத்தது போலவே இருந்தது.

என் மகள் கோயம்புத்தூரில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறாள். வாங்கினவர்களைப் பேச வைத்து அந்தக் கடையில் சின்னச் சின்ன வீடியோ போடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் அனுப்பிய பார்சல் கோத்தகிரி வந்து சேர்ந்தது. மதியம் பேசினாள்.

"அப்பா, ஒரு வாரம் வச்சுப் பாருங்க. ரொம்ப விலை ஒசந்ததும் இல்ல, மட்டமும் இல்ல. நடுவுல கொஞ்சம் மேல. டிசைன், டிஸ்பிளே, கேமரா, பேட்டரி, இந்த நாலும் எப்படின்னு உங்க வாயால சொல்லுங்க. நான் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

"நான் எட்டாவது ஃபெயிலு சாமி. நான் என்னத்தச் சொல்ல?"

"அதான் வேணும். படிச்சவங்க சொல்றது ஒருத்தருக்கும் புரியறதில்ல. மலையில, குளுருல, இந்தப் பேட்டரி எப்படி நிக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

ஒரு வாரம் கேட்டாள். என் கையில் அது ஒரு நாள்தான் இருந்தது. அந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிய எனக்கு அந்த ஒரு நாளே போதுமாக இருந்தது. அப்போது சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. பறித்து வந்த இலையைத் தொட்டியில் பரப்பிக் காற்றடித்து வாட வைப்பது. அப்பா அம்மா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் போல நாங்களும் வரிசை வீடுகளை லயம் என்றுதான் சொல்கிறோம். எங்கள் லயத்துக்கு மேலே, சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு மாரியம்மன் கோயில். தகரக் கூரை, மரக் கதவு, உள்ளே இடுப்புயரக் கல்லில் தாய். முகத்தில் இரண்டு வெள்ளிக் கண்மலர். தேன்மெழுகு வைத்து ஒட்டியிருப்போம். செவ்வாயும் வெள்ளியும் விளக்குப் போடுவது என் பொறுப்பு. பதினோரு வருடமாக நான்தான். அதனால் என்னைப் பூசாரி என்பார்கள். மந்திரம் ஒன்றும் தெரியாது. "தாயே, எல்லாரையும் பாத்துக்க" என்பேன். அவ்வளவுதான் என் பூசை.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒரு கட்டாயம் உண்டு. பூசை முடிந்ததும் விளக்கில் மிஞ்சிய எண்ணெயைத் திரும்ப டின்னில் ஊற்றி, திரியைப் பிடுங்கி, விளக்கைச் சாம்பல் போட்டுத் துடைத்து, டின்னைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கோயிலில் எண்ணெய் இருந்தால் கரடி வரும். கதவை உடைக்கும். நல்லெண்ணெய் என்றால் அதற்கு உயிர். எங்கள் கோயில் கதவிலும் பழைய நகக் கீறல்கள் உண்டு. ஆனால் நான் பொறுப்பேற்ற பிறகு கரடி ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப் போனோடு கோயிலுக்குப் போனேன். கொழுந்து இலை நிறத்தில் இருந்தது அது. முதுகு கண்ணாடி மாதிரி வழவழவென்று, சுற்றிலும் உலோக ஓரம். பழைய போன் தேய்ந்த சோப்புக் கட்டி போல உருண்டையாக இருக்கும். இது உளியால் நேராகச் சீவினது போலிருந்தது. உள்ளங்கையில் ஓரம் நன்றாகப் பதிந்தது. "ஃபிளாட் ஃபிரேம்ப்பா, கையில கிரிப்பா நிக்கும்" என்று மகள் சொல்லியிருந்தாள். சொன்னது உண்மை. நன்றாகத்தான் நின்றது.

விளக்கேற்றி, தீபம் காட்டி, விளக்கு வெளிச்சத்தில் தாயைப் படம் எடுத்தேன். தாயின் முகத்து எண்ணெய்ப் பளபளப்பு, வெள்ளிக் கண்ணுக்குள் விளக்கின் சுடர், எல்லாம் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் பூசை செய்தும் தாயை அத்தனை அருகில் பார்த்ததில்லை.

மகள் இன்னொன்றும் கேட்டிருந்தாள். "வெளக்க அணைச்சிட்டு, இருட்டுல ஒண்ணு எடுங்க. கைய மட்டும் ஆட்டாம மூணு எண்ணுங்க."

விளக்கை அணைத்தேன். மிஞ்சிய எண்ணெயை டின்னில் ஊற்றினேன். விளக்கைத் துடைத்தேன். துடைத்த கையைக் கழுவிக்கொண்டு, பூட்டை இடது கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்று உள்ளே இருந்த இருட்டை ஒரு படம் எடுத்தேன். மூன்று எண்ணினேன். என் கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. போனில் பார்த்தால் தாய் பகலில் நிற்பது போல நிற்கிறாள். ஆச்சரியத்தில் அவள் முகத்தை மட்டுமே பார்த்தேன். கதவைப் பூட்டினேன். தண்ணீர்த் தொட்டி மூலையில்தான் எங்களுக்குச் சிக்னல் கொஞ்சம் நிற்கும், மற்ற இடங்களில் வந்து வந்து போகும். போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அங்கே போய் நின்று மகளுக்கு அனுப்பினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பனி இறங்கிவிட்டது. போகிறபோது போகட்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்று எழுதினேன். எப்போதும் அந்தக் கைகளில் ஒன்றில் டின் இருக்கும்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டு நேரத்தில், மேலே சத்தம் கேட்டது. நான் குளித்து, விபூதி பூசி, போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, கோயில் கதவ ஒடச்சிட்டாங்களாம்! கண்ணக் காணமாம்!"

ஓடினேன். மரக் கதவின் ஒரு பக்கம் கீலோடு பெயர்ந்து கிடந்தது. உள்ளே தாயின் முகம் மொட்டையாக இருந்தது. கண்மலர் இரண்டும் இல்லை. ஒட்டிய மெழுகும் சுத்தமாகப் போய், முகம் நக்கினது போல வெறும் கல்லாக இருந்தது. நக்கினது போல என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அந்த நினைப்பு வரவே இல்லை. என் அம்மாவின் கண்ணை யாரோ தோண்டிவிட்டது போல இருந்தது.

மரத்தடியில் கூட்டம். ஃபீல்டு மேஸ்திரி ஒருவனின் சட்டைக் காலரைச் சுருட்டிப் பிடித்திருந்தார். மேஸ்திரி அன்னூர்ப் பக்கத்துக்காரர், நல்ல உடம்பு. பிடிபட்டவன் எங்கள் கடைசி லயத்தில் குடியிருந்தவன். ஜார்கண்டிலிருந்து மனைவியோடு வந்து மூன்று வருடமாகக் கொழுந்து வெட்டுகிறான். முப்பது வயதிருக்கும். யாரோடும் அதிகம் பேசமாட்டான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போவான். உள்ளே வா என்று நான் கூப்பிட்டதில்லை.

"இவன் கோயிலுக்குள்ள இருந்து வந்தானுங்க. நான் என்ற கண்ணால பாத்தேன்" என்றார் மேஸ்திரி. "கையப் பாருங்க. மோந்து பாருங்க. நல்லெண்ணெ வாசம்!"

அவன் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

"கரடி, அண்ணா. கரடி வந்துச்சு. நான் விளக்கு…"

யாரோ பின்னாலிருந்து, "கீறல் இருக்குதுங்களே கதவுல" என்றார்கள்.

"அது பழைய கீறல்" என்றேன் நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பூசாரியண்ணா, நேத்து எண்ணெய ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டீங்களா?" மேஸ்திரி கேட்டார்.

"கொண்டுபோயிட்டேன்."

"நெசமா?"

"தாய் மேல ஆணையா கொண்டுபோயிட்டேன். பதினோரு வருசத்துல ஒரு நாள் விட்டிருப்பனா?"

நான் பொய் சொல்லவில்லை. டின்னின் கம்பி வளையம் விரலில் அழுந்தினது எனக்கு ஞாபகம் இருந்தது. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் அழுந்தியது, அந்த வெள்ளிக்கிழமையிலும் அழுந்தினதாக விரல் சொன்னது. நான் நம்பினேன்.

"அப்புறம் எண்ணெ இல்லாத கோயிலுக்குக் கரடி என்னடா புடுங்க வருது? சாமி கும்பிடவா?" என்றார் மேஸ்திரி. கூட்டத்தில் சிரித்தார்கள்.

அவன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான். அந்த எண்ணெய்க் கை எனக்கு முன்னால் வந்தது. நான் அடித்துவிட்டேன். கையில் போன் இருப்பது நினைவில்லை. அதன் ஓரம் அவன் புருவத்தில் இறங்கியது. 'டக்'கென்று ஒரு சத்தம். தோல் வாய் திறந்ததுபோல் விரிந்தது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. டிசைன் எப்படி என்று கேட்டாய் அல்லவா, மகளே. கையில் நன்றாக நின்றது.

நான் அடிக்காமல் இருந்திருந்தால் மற்றவர்கள் அடித்திருப்பார்களா என்று தெரியாது. பூசாரி அடித்துவிட்டான், அதுவும் குளித்து விபூதி பூசின நெற்றியோடு. அதற்கு மேல் யாருக்கு உத்தரவு வேண்டும்? இலைச் சாக்குக் கட்டுகிற கயிற்றால் அவனை மரத்தில் கட்டினார்கள். வயிற்றில் உதைத்தார்கள். அவன் வாயிலிருந்து சாப்பிட்டது வெளியே வந்தது, பிறகு ரத்தம் கலந்த எச்சில். பெண்களும் அடித்தார்கள். ஒருத்தி இலைக்கூடையால் முகத்தில் அடித்தாள். தாயின் கண் எங்கே, தாயின் கண் எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சுக்குள் நியாயமாகவே இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"வடக்கனுகள உள்ள உட்டதே தப்பு" என்றார்கள் யாரோ. என் அப்பாவைச் சிலோன்காரன் என்று டீக்கடையில் தனி கிளாஸ் வைத்துக் கொடுத்த காலம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை.

மேஸ்திரி என்னிடம் திரும்பினார். "பூசாரியண்ணா, உங்க புதுப் போன்ல வீடியோ எடுங்க. அவன் ஒத்துக்கறத எடுத்து வெச்சுட்டா ஸ்டேசன்ல மறு பேச்சே வராது."

எடுத்தேன்.

இப்போது டிஸ்பிளே. வெயில் நேராக அடிக்கும் காலை நேரத்திலும் அந்தத் திரை மங்கவில்லை. ரத்தம் ரத்த நிறத்திலேயே தெரிந்தது. புருவத்து வெட்டின் இரண்டு உதடும், கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு தேயிலைத் துண்டும், அழும்போது மூக்கின் ஓரம் கட்டின குமிழியும் தெரிந்தன. நேரில் பார்த்ததைவிடத் திரையில் கூடுதலாகவே தெரிந்தது. ஆனால் திரைக்குள் இருப்பதால் அவன் எனக்குச் சம்பந்தமில்லாத யாரோ போல இருந்தான். கை நடுங்காமல் எடுத்தேன்.

கட்டை அவிழ்த்து, கோயில் படிக்கல்லில் அவன் வலது கையை வைத்து இரண்டு பேர் அழுத்திப் பிடித்தார்கள். மேஸ்திரி ஒரு கவாத்துக் கத்தியைக் கேட்டு வாங்கினார். செடியின் கிளைகளை வெட்டிவிடுகிற கனமான கத்தி. அதைத் திருப்பி, மொட்டை முதுகு கீழே இருக்கும்படி பிடித்தார்.

"கண்ணு எங்க வெச்சே? ஒவ்வொரு வெரலா கேப்பேன். சொல்றா."

அப்போது திரையின் மேல் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பட்டை இறங்கி அவன் முகத்தை மறைத்தது. மகளிடமிருந்து செய்தி. இரவெல்லாம் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த படம் காலையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

*அப்பா செம கிளியர்! இருட்டுல எடுத்ததுல தாய்க்குப் பின்னாடி இருக்கிற எண்ணெய் டின் எழுத்தைக்கூட படிக்க முடியுது. கேமராவுக்கு பத்துக்கு ஒன்பது.*

படித்தேன். பட்டை தானாக மேலே போய்விட்டது. அவன் முகம் மறுபடி வந்தது.

இருட்டில் எடுத்த படம். விளக்கை அணைத்து, துடைத்து, பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் நின்று எடுத்த கடைசிப் படம். அதற்குப் பிறகு நான் உள்ளே போகவில்லை. டின் தாய்க்குப் பின்னால் இருந்திருக்கிறது. என் கண்ணுக்குத் தெரியாதது போனின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்குவதற்கு ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை.

தாய் மேல் ஆணை வைத்தது, முதல் அடி அடித்தது, எல்லாரும் பார்த்திருந்தது. இவையெல்லாம் குறுக்கே நின்றன. இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லலாம், எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். கத்தி முதுகு இறங்கியது. சுண்டு விரலுக்குப் பக்கத்து விரல். அவன் கத்தினது மனிதச் சத்தமாக இல்லை. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுபடி இறங்கியது. நடுவிரல். எலும்பு உடைவதற்கு முன்னால் ஒரு வளைவு வளைகிறது, அதையும் திரை தெளிவாகக் காட்டியது.

ஆள்காட்டி விரலைப் பிரித்து வைத்தபோதுதான், "நிறுத்துங்க" என்றேன்.

வந்தது குரலா என்றே தெரியவில்லை. மேஸ்திரி, "என்னங்க?" என்றார்.

"நிறுத்துங்க. கரடிதான். டின்ன நான்தான் உட்டுட்டுப் போயிட்டேன்."

வீடியோவில் அந்தப் பட்டை பதிவாகாதாம். பிற்பாடு ஸ்டேஷனில் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. ஓர் இடத்தில் படம் லேசாக ஆடுகிறது. அதற்கும் நான் நிறுத்தச் சொன்னதற்கும் நடுவில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். எதற்காக ஆடியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கோயிலில் தவிர.

படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கினால் மஞ்சள் டின், அதன்மேல் எழுத்து. மேஸ்திரி வெகு நேரம் பார்த்தார். "டின்னு இருந்தா இருக்கட்டும். கண்ணு எங்க போச்சு?" என்றார். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

என் மனைவி அதற்குள் கீழே இறங்கிப் போயிருந்தாள். நாற்பது அடி தள்ளி, தண்ணீர் ஓடை ஓரம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, அவள் கூப்பிடும் சத்தம் கேட்டது. டின் அங்கே அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. தகரத்தில் பல் இறங்கின ஓட்டைகள். பக்கத்தில் கரடியின் விட்டை. அதற்குப் பக்கத்தில் மெழுகும் எச்சிலும் மண்ணும் அப்பின ஒரு கண்மலர். மெழுகுக்காகத் தாயின் முகத்தை நக்கியிருக்கிறது அது. தேன் வாசம் அதற்குத் தெரியாதா? இத்தனை வருடம் மெழுகு வைத்து ஒட்டின எனக்கு அது தோன்றவில்லை. இன்னொரு கண் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். அடித்த கூடையை அந்தப் பெண் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அவன் மனைவிக்குத் தூரத்து மலையில் வேலை. யாரோ சொல்லி ஓடி வந்தாள். கொழுந்து வெட்டும் கத்திரி இன்னும் கையில் இருந்தது. புருஷனைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் நேராக என்னிடம் வந்து கத்திரியின் கட்டைப் பக்கத்தால் தோளில் ஓங்கி அடித்தாள். அடுத்தது காதோடு விழுந்தது. மூன்றாவதுக்கு நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி தடுக்க வரவில்லை. அதற்காக அவளிடம் எனக்கு இன்றும் நன்றி உண்டு.

இலை ஏற்றுகிற ஜீப்பில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாக்குமேல் படுக்க வைத்து, தலையை அவள் மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் கை தூக்கி விழுந்தது. மேஸ்திரி முன்சீட்டில் இருந்தார். இறங்கும் முன்பே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "காட்டெருமை முட்டிருச்சு. அவ்வளவுதான். எஸ்டேட்ல இது நடக்கறதுதானே."

டாக்டர் அம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். "காட்டெருமையா?"

"ஆமாங்க மேடம். காலங்காத்தால எறங்கிருச்சு" என்றார் மேஸ்திரி.

"இந்த ரெண்டு விரலை மட்டும் தேடிப் பிடிச்சு முட்டுச்சா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணச் சொன்னார்.

வராந்தாவில் மேஸ்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாய் அசையாமல் பேசினார். "பூசாரியண்ணா, அத அழிச்சிருங்க. அஞ்சு பேர் குடும்பம் இருக்குது அதுல. உங்க ஊடும் சேத்தித்தான். அழிக்கத் தெரியலீன்னா சார்ஜ் தீந்துபோச்சு, ஆஃப் ஆயிருச்சுன்னு சொல்லுங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

போனை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்று சதவீதம். முந்தின மதியம் ஏற்றின சார்ஜ். பூசை, படம், ராத்திரி சிக்னல் தேடினது, வீடியோ, அத்தனையும் தாங்கியும் பாதிக்குக் கொஞ்சம்தான் கீழே வந்திருந்தது. அது தீர்ந்துபோயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தாயே, இதைத் தீர்த்துவிடு என்றுகூட மனதுக்குள் கேட்டேன். இப்படியும் ஒரு வேண்டுதல்.

எதிர் பெஞ்சில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். பாவாடை முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது. எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணா. வீடியோ இருக்கா?"

அண்ணா என்றாள். அடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணா என்றாள்.

மேஸ்திரியின் முழங்கை என் விலாவில் இடித்தது. என் மனைவி எனக்கு இந்தப் பக்கம் இருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கழுவாத அந்த ஒற்றைக் கண்மலரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மெழுகு இன்னும் ஒட்டினது.

"இருக்கும்மா" என்றேன்.

"அண்ணா என்ன, அறிவு கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்றார் மேஸ்திரி. இப்போது அவர் வாய் அசைந்தது, வராந்தா முழுக்கக் கேட்டது. என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நான் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தார். போன் வழுக்கவில்லை, அந்த ஓரம் உள்ளங்கையில் பதிந்து நின்றது. போலீஸ்காரர் உள்ளே வரும்வரை விடவில்லை.

கேஸ் என் மேலும்தான். அதைச் சொல்லி அனுதாபம் கேட்கவில்லை. மாதா மாதம் போய் நிற்கிறேன். கோயில் விளக்கை இப்போது வேறொருவர் போடுகிறார், நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். அவனுக்குப் புருவத்தில் தையல் தழும்பு. இரண்டு விரல் மடங்குவதில்லை, கத்திரி பிடிக்க முடியாது. ஃபேக்டரியில் கூட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். என் தொட்டியைத் தாண்டித்தான் தினமும் போவான். ஒருமுறை அவன் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டான்.

"விளக்கு எண்ணெயோட கீழ விழுந்து இருந்துச்சு அண்ணா. நேரா வெச்சேன். அதுக்குதான் உள்ள போனேன்."

அது மட்டும்தான் சொன்னான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி பேட்டரி ஒன்றுதான் பாக்கி.

அன்று மத்தியானம் ஸ்டேஷனில் வீடியோவை இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஏட்டு போனை வாங்கி, எண்களை எழுதிக்கொண்டு, ஒரு காக்கிக் கவரில் போட்டு ஒட்டினார். என்னிடம் கையெழுத்து வாங்கினார். கவரை மேசைமேல் வைத்துவிட்டு அரக்குத் தேடினார்.

கவர் அதிர்ந்தது. மேசைமேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. காக்கிக் காகிதத்தின் உள்ளே வெளிச்சம். யார் என்று எனக்குத் தெரியும். காலையில் பாராட்டி எழுதினவள், பதில் வராமல் கூப்பிடுகிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் எழுதின வரிக்கும் அந்தப் படிக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் மகளே, அந்த வரி வந்ததால்தான் மூன்றாவது விரல் மிஞ்சியது. நான் உடனே வாய் திறந்திருந்தால் அஞ்சும் மிஞ்சியிருக்கும். தப்பு உன் வரியில் இல்லை.

"மகளுங்க. ஒரு தடவ பேசிக்கட்டுங்களா?" என்றேன்.

"ஒட்டியாச்சுங்க. இனித் தொடக் கூடாது."

நின்றது. மறுபடி அதிர்ந்தது. மறுபடி நின்றது. ஏட்டு அரக்கைக் காய்ச்சிக்கொண்டே கவரைப் பார்த்தார்.

"நல்ல போனாட்ட இருக்குது. நானும் ஒண்ணு மாத்தோணும்னு இருக்கறேன். பேட்டரி எத்தன நாள் நிக்குங்க?"

"தெரியலீங்க" என்றேன். "இன்னும் தீரல."